பச்சை வளையம்

சனிக்கிழமை காலை பத்து மணி. ஹார்லன் வீட்டு நிலவறையில் மேசை மேலிருந்த கண்ணாடி மூடியைத் தூக்கியதுமே டுவேன் அலறினான்.

"ஐயையோ! வெண்டெலோட வீரனைக் காணோம்!"

முப்பது வருடங்களுக்கு முன் நால்வரும் பொம்மைகளை வைத்து, பகடை உருட்டி ஆடிய கதை விளையாட்டில் பாதியில் நின்ற சண்டை அந்த மேசையில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. டிராகன் இருந்தது. லோர்னாவின் சூனியக்காரி இருந்தாள். டுவேனின் குள்ளன் இடுப்பில் நீல வளையத்தோடு தூங்கிக்கொண்டிருந்தான். வீரன் மட்டும் இல்லை, அவன் இடுப்பிலிருந்த பச்சை வளையமும் இல்லை.

வளையமென்றால் பால் டப்பா மூடியிலிருந்து பிய்த்ததுதான். விஸ்கான்சினில் பாலுக்கா பஞ்சம்! பச்சை என்றால் விஷம் ஏறியவன், நீலம் தூக்கம், வெள்ளை கல்லானவன்.

வெண்டெல் பிப்ரவரியில் செத்துப்போனான். "சண்டையை முடிச்சிட்டு வீரனை ஆர்டிஸ்கிட்ட குடுங்கடா" என்பதுதான் அவன் கடைசியாகக் கேட்டது. அவன் மனைவி ஆர்டிஸ் இன்று மதியம் வருகிறாள். வெறுங்கையோடு எப்படி அனுப்புவது?

லோர்னா ஷெரிப் அலுவலகத்தில் போலீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பழைய விசாரணைக் குரல் தானாக வந்தது.

"கடைசியா எப்ப பாத்தோம்?"

"நேத்து சாயங்காலம், மூணு பேருமா," என்றான் ஹார்லன். அன்றும் இன்றும் விதிகளைப் பார்த்து ஆட்டம் நடத்துபவன் அவன்தான்.

"அப்புறம்?"

"நான் மாடிக்குப் போயிட்டேன். டுவேன் இங்க சோபாவுல."

"என்னை ஏன் முறைக்கிற? உன் சீஸைத் திருடுவேன். செத்தவன் பொம்மையையா திருடுவேன்?"

லோர்னாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வெண்டெல் ஞாபகமும். பகடையைத் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கி, ஊதி, வீடே அதிரச் சிரிப்பானே வெண்டெல்! அவன் சிந்திய ரூட் பீர் சோடா கறை மேசையில் இன்னும் இருந்தது.

அவள் பார்வை சுவருக்குப் போனது. மிச்ச வளையங்கள் ஆணியில் தூசி படிந்து தொங்கின. அதில் ஒரு பச்சை மட்டும் பளிச்சென்று இருந்தது.

"ஹார்லன், வீரனை எடு."

"நானா?"

"திருடுறவன் வளையத்தோட அள்ளிட்டுப் போவான். கழட்டி ஆணியில மாட்டிட்டா போவான்? கழட்டின வளையத்தை ஆணியில மாட்டாம விட்டா எங்களைக் கையில அடிப்பியே, அந்தப் பழக்கம் உன்னைக் காட்டிக் குடுத்துடுச்சு. இத்தனை வருஷம் கண்ணாடிக்குள்ள இருந்த வளையம், அதான் தூசி இல்ல."

ஹார்லன் சட்டைப் பையிலிருந்து வீரனை எடுத்தான்.

"அவனுக்கு ஒரே ஒரு புள்ளி உயிர்தான் மிச்சம். இந்தச் சுற்று முடிஞ்சா விஷம் அதையும் தின்னுடும். ஆட்ட விதின்னா விதிதான். ஆனா ஆர்டிஸ் முன்னாடி 'வெண்டெல் செத்துட்டான்'னு என் வாயால எப்படிச் சொல்வேன்? முப்பது வருஷம் முன்னாடியும் அவன் வீரன் சாகக் கூடாதுன்னுதான் பனிப்புயல்னு சொல்லி ஆட்டத்தை நிறுத்தினேன்."



"சுற்று இன்னும் முடியலையேடா," என்றாள் லோர்னா. "யார் முறை பாக்கி?"

ஹார்லன் மேசையைப் பார்த்தான். "உன்னோடது."

"என் சூனியக்காரி வீரனைக் கல்லாக்குறா. கல்லுல விஷம் வேலை செய்யுமா?"

"செய்யாது," என்றான் அந்த விதிக்கிறுக்கன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆணியிலிருந்து வெள்ளை வளையத்தை எடுத்தான்.

ஆர்டிஸ் வந்தபோது டிராகன் விழுந்திருந்தது. வீரனை உள்ளங்கையில் வாங்கி, வளையத்தைத் தடவினாள்.

"இது என்னது, வெள்ளையா?"

"கல்லாயிட்டான்," என்றான் ஹார்லன். "சாகல, ஆர்டிஸ்."