தட்டில் வந்த மருந்து

அந்த ஊரில் மனிதர்களைவிட வேலிக்குத்தான் மருந்து அதிகம் கிடைத்தது. காய்ச்சல் மருந்து, இருமல் மருந்து, வயிற்றுவலி மருந்து என்று எல்லாவற்றையும் தெருமுனைக் கிளுவை வேலி குடித்துக்கொண்டிருந்தது. இது ஊரில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். மருந்து கொடுத்த சிஸ்டர் மதலேனுக்கு மட்டும் தெரியாது.

சிஸ்டர் மதலேன் பிரான்சு தேசத்திலிருந்து கப்பலேறி வந்த கன்னியாஸ்திரி. வயது இருபத்து நான்கு. 1936ஆம் வருடம் பொங்கல் முடிந்த கையோடு, வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சிற்றூருக்கு வந்து, ஓர் ஓட்டு வீட்டில் தரும ஆஸ்பத்திரி திறந்தார். அவருடன் தங்கியிருந்த சிஸ்டர் சகாயம் சேலத்துக்காரர். அவர் காலையில் பக்கத்து ஊருக்குப் பள்ளிக்கூடம் நடத்தப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். பகலெல்லாம் சிஸ்டர் மதலேனுக்கு மருந்து சீசாக்கள்தான் துணை.

காலையும் மாலையும் அந்த வீட்டுக்கு எருமைப்பால் கொண்டுபோய் ஊற்றுவது ஆராயியின் வேலை. ஆராயிக்குப் பத்து வயது. பால் ஊற்ற அரை நிமிடம் போதும். அவளோ அரை மணி நேரம் இருப்பாள். அங்கே பார்ப்பதற்கு அவ்வளவு வேடிக்கை இருந்தது.

சிஸ்டர் கிணற்றில் தண்ணீர் சேந்தினால், வாளி மேலே வருவதற்குள் பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போய்விடும். பங்குனி வெயிலிலும் கழுத்திலிருந்து கால்வரை மூடிய கனத்த அங்கியைப் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் செக்கச்செவேலென்று ஆகி நிற்பார். ஆனாலும் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை.

சேலத்தில் ஒரு முன்ஷியிடம் அவர் தமிழ் படித்திருந்தார். அந்த முன்ஷி, தமிழில் மரியாதை முக்கியம் என்று சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். சிஸ்டர் எருமையைக்கூட மரியாதையாகத்தான் விசாரிப்பார்.

“உமது எருமை சுகமாயிருக்கிறாரா?” என்று தினமும் கேட்பார்.

“நல்லா இருக்குதுங்க,” என்பாள் ஆராயி. சிரிப்பை அடக்கிக்கொண்டு வீடுவரை ஓடுவாள்.

ஒருமுறை ஆராயியின் அம்மா முத்தாயம்மாள் அவரைக் கூப்பிட்டு ராகிக் களி போட்டாள். களியை மெல்லக் கூடாது. கிள்ளி, உருட்டி, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். பாவம், சிஸ்டருக்கு அது தெரியாது. ஒரே உருண்டையை வெகுநேரம் மென்றார். வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்களே தவிர, ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் சிஸ்டர் மிகவும் ருசியாக இருந்தது என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று மாலை தாடை வலிக்குத் தம் கையாலேயே தைலம் தடவிக்கொண்டார்.

அவருடைய அம்மாவின் கடிதம் கப்பலில் வந்து சேர ஒரு மாதம் ஆகும். வந்த கடிதத்தை அவர் திரும்பத் திரும்பப் பிரித்துப் படித்ததில், மடிப்பெல்லாம் கிழிந்திருந்ததை ஆராயி பார்த்தாள். பெரியவர்களுக்கும் அம்மா ஞாபகம் வரும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆராயிக்கு அவரை இவ்வளவு பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கத்தரிக்கோல், கரண்டி, மருந்து சீசா எதுவானாலும் சிஸ்டர் இடது கையால்தான் எடுத்தார். ஆராயியும் அப்படித்தான். சோறு சாப்பிடும் வலது கைக்குச் சோத்தாங்கை என்று பெயர். இடது கை பீச்சாங்கை. என்ன செய்தாலும் ஆராயிக்குப் பீச்சாங்கைதான் முந்திக்கொண்டு வரும். அதற்காக வாத்தியார் விரல் கணுவில் அடித்திருக்கிறார். பிள்ளைகள் ‘பீச்சாங்கைக்காரி’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். உலகத்திலேயே தான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்திருந்தவளுக்குச் சிஸ்டரைப் பார்த்ததும் பெரிய ஆறுதல் கிடைத்தது.

ஒருநாள் காலையில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பி வரும்போது, வேலியோரம் சென்னியம்மாள் நிற்பதை ஆராயி கண்டாள். சென்னியம்மாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை இருமிக்கொண்டிருந்தது. அவளோ, சற்று முன் வாங்கிய சிவப்பு மருந்தை ஒரு சொட்டு விடாமல் வேலியில் கவிழ்த்தாள். பிறகு சீசாவை மட்டும் பத்திரமாக முந்தானையில் முடிந்துகொண்டாள். விளக்கெண்ணெய் ஊற்றி வைக்க நல்ல சீசா அது.

ஆராயி வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் கேட்டாள். முத்தாயம்மாள் இதில் என்ன அதிசயம் என்பதுபோலப் பார்த்தாள். மருந்து என்றால் சோத்தாங்கையால் கொடுத்தால்தான் உடம்பில் சேரும். பீச்சாங்கையால் கொடுத்ததைக் குடித்தால் யாருக்கு ஒத்துக்கொள்ளும்? அதனால்தான் எல்லோரும் கொட்டிவிடுகிறார்கள்.

“அப்பறம் எதுக்கும்மா போய் வாங்கறாங்க?”

“கடல் தாண்டி நம்மள நம்பி வந்த புள்ளை, சாமி. கூப்புட்டுக் குடுக்கறப்ப வேண்டாமுன்னு சொன்னா மனசு நோவுமில்ல?”

“அப்ப யாராச்சும் கையப் பத்திச் சொல்லோணுமில்ல?”

“நல்லா இருக்குது போ. ஊருக்கு வந்த விருந்தாளிகிட்டப் போயி, உன்ற கை சரியில்லைன்னா சொல்லுவாங்க?”

அந்த ஊர் மரியாதை அப்படிப்பட்டது. மருந்தைக் கொட்டினாலும் கொட்டுவார்களே தவிர, விருந்தாளி மனம் கோணும்படி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். ஆனால் எத்தனை நாளைக்குத்தான் மரியாதைக்காக மருந்து வாங்குவது? நாளாக ஆக ஆட்கள் வருவது குறைந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் பூனை படுத்துத் தூங்கியது.

ஒருநாள் மாலை ஆராயி போனபோது, சிஸ்டர் சீசாக்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். சேலத்திலிருந்து மடத்துத் தலைவியான பெரிய மதர் கடிதம் எழுதியிருந்தார். அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை நேரில் வருவாராம். இப்படியே ஆட்கள் வராமலிருந்தால் ஆஸ்பத்திரியை மூடிவிட்டு, சிஸ்டரை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவாராம்.

“மூன்று மாதத்தில் ஒருவருக்கும் குணமாகவில்லை. நான் நல்ல மருத்துவச்சி இல்லை போலும்,” என்றார் சிஸ்டர். சொல்லும்போதே அவருடைய கண் கலங்கியது.

மருந்தில் குறையில்லை, கையில்தான் என்று சொல்லிவிடலாமா? ஆராயி சொல்ல வாயெடுத்தாள். அப்போது வாத்தியார் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவள் கையைத் தூக்கிக் காட்டித் திட்டியது நினைவுக்கு வந்தது. அதன்பிறகு எத்தனையோ நாள் அவள் அந்தக் கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு திரிந்தாள். அந்த வேதனை சிஸ்டருக்கு வேண்டாம் என்று தோன்றியது. வேறு வழி ஏதாவது இருக்க வேண்டும். ஆராயி பேசாமல் பாலை ஊற்றிவிட்டு வந்துவிட்டாள்.

அந்த வாரமே அடுத்த தெருவில் ஒரு நிச்சயதார்த்தம் நடந்தது. பெண்ணின் தாய்மாமன் அப்புசாமிதான் வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு வழங்க வேண்டும். அவரோ நான்கு நாள் முன்னால் பனைமரத்தடியில் வழுக்கி விழுந்து, வலது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார். ஆராயி அவரையே கவனித்தாள். பீச்சாங்கையால் வெற்றிலை கொடுத்தால் சண்டை வந்துவிடுமே, இவர் என்ன செய்யப் போகிறார்?

அப்புசாமி ஒன்றும் யோசிக்கவில்லை. வெற்றிலைத் தட்டை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, வரிசையாகப் போய் ஒவ்வொருவர் முன்னாலும் நின்றார். அவரவர் தம் சோத்தாங்கையால் எடுத்துக்கொண்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை. தட்டில் வைத்து நீட்டியது பெரிய மரியாதை என்றுதான் நினைத்தார்கள்.

ஆராயி விருந்துக்குக்கூட நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடி, பரண்மேல் கிடந்த பழைய பித்தளைத் தட்டைக் கேட்டாள். எதற்கென்று சொன்னதும் முத்தாயம்மாள் ஒரு கணம் மகளைப் பார்த்தாள். பிறகு தானே தட்டை இறக்கி, புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தாள்.

“எங்க ஊர்ல மதிப்பாக் குடுக்கறதெல்லாம் தட்டுல வெச்சுத்தானுங்க குடுப்போம்,” என்று சிஸ்டரிடம் தட்டை நீட்டிச் சொன்னாள் ஆராயி. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

சிஸ்டருக்கு மிகவும் சந்தோஷம். இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டார். பெட்டியில் அடுக்கிய சீசாக்களை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

ஆனால் மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் சென்னியம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் முறைக்காய்ச்சல். நாட்டு மருந்துக்குக் கேட்கவில்லை. எங்கே போவதென்று தெரியாமல்தான் அவள் அங்கே வந்திருந்தாள்.

பால் கொண்டுவந்த ஆராயி வாசல் ஓரமாக நின்றுகொண்டாள். சிஸ்டர் குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மருந்தை அளந்து சீசாவில் ஊற்றினார். அதைத் தட்டில் வைத்தார். பக்கத்தில் ஒரு வெற்றிலையும் வைத்து, தட்டை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார்.

சென்னியம்மாள் தட்டைப் பார்த்தாள். சிஸ்டரைப் பார்த்தாள். கலைந்திருந்த முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சோத்தாங்கையால் சீசாவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவள் புறப்பட்டதும் ஆராயியும் பின்னாலேயே நடந்தாள். வேலி வந்தது. ஆராயி எட்டிப் பார்த்தாள். சென்னியம்மாள் நிற்கவில்லை. வேலியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், சீசாவை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக வீட்டுக்குள் போனாள்.

மருந்து படுகசப்பு. குழந்தை கத்திய கத்தலில் ஊரே விழித்துக்கொண்டது. ஆனால் ஐந்தாம் நாள் அது வாசலில் உட்கார்ந்து கோழியின் வாலைப் பிடித்து இழுத்தது. அதற்குமேல் யாருக்கும் அத்தாட்சி தேவைப்படவில்லை.

அடுத்த வாரம் பூனைக்குப் பெஞ்சில் இடமில்லை. கண்வலிக்கு வந்த மாதையன் தாத்தா, தனக்கும் தட்டு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கண்ணில் விடும் மருந்தைத் தட்டில் வைத்து எப்படிக் கொடுப்பது என்று சிஸ்டர் திகைத்தார். கடைசியில் தட்டில் ஒரு வெற்றிலையை மட்டும் வைத்துக் கொடுத்தார். தாத்தா அதைப் பெருமையாக வாங்கிக்கொண்டு அண்ணாந்து உட்கார்ந்தார். மருந்து எந்தக் கையிலிருந்து விழுந்தது என்று அவர் கவனிக்கவே இல்லை.

முதல் வியாழக்கிழமை பெரிய மதர் ராசிபுரம்வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். வண்டியை வாசலுக்குக் கொண்டுவர முடியாத அளவுக்குக் கூட்டம். அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். தட்டைப் பற்றிக் கேட்டபோது, இது இந்த ஊர் வழக்கம் என்று சிஸ்டர் பெருமையோடு விளக்கினார். ஆஸ்பத்திரி இங்கேயே இருக்கட்டும், சிஸ்டரும் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பெரிய மதர் வண்டி ஏறினார்.

ஆராயிக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. சிஸ்டரிடம் ஒன்றை மறைத்து வைத்திருப்பது உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை பாலை ஊற்றியதும், மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வேலி, கை, அப்புசாமி, தட்டு என்று ஒன்றையும் விடவில்லை. தன்னுடைய கையும் அப்படித்தான் என்று, இடது கையை நீட்டியே காட்டினாள்.

சிஸ்டர் தம் இடது கையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் அந்தக் கையை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவைப்பார்கள் என்றும், அப்படித்தான் வலது கையால் எழுதக் கற்றுக்கொண்டதாகவும் மெல்லச் சொன்னார். அவ்வளவு தூரத்து தேசத்திலும் அப்படி வாத்தியார்கள் உண்டா என்று ஆராயிக்கு ஆச்சரியமாக இருந்தது.

“இத்தனை நாள் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லையே, ஏன்?” என்று சிஸ்டர் கேட்டார்.

“விருந்தாளிகிட்ட எப்படீங்க சொல்றது?”

“பிறகு நீர் மட்டும் இப்போது சொல்லுகிறீரே?”

ஆராயி கொஞ்சம் யோசித்தாள்.

“இப்ப நீங்க விருந்தாளி இல்லைங்களே,” என்றாள். “நம்மூர்க்காரங்க ஆயிட்டீங்க.”

சிஸ்டர் மதலேன் அங்கியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அப்படியானால் தாம் வேறு என்னென்ன தப்புச் செய்கிறார் என்பதையும் ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார். ஆராயி சொல்ல ஆரம்பித்தாள். அன்று அவள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.