இடப்பக்கம் ஒருத்தி

கணவன் இடது பக்கம் திரும்பிச் சிரித்தான். அங்கே இஸ்திரிக்கு எடுத்துவைத்த துணிக் குவியலும் அதற்குப் பின்னால் சுவரும்தான் இருந்தன. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறவன் தனக்குத்தானே சிரிப்பது ஒன்றும் உலக அதிசயம் இல்லை என்று அவளும் முதல் நாள் விட்டுவிட்டாள். மறுநாளும் அதே பக்கம், அதே உயரத்தில் பார்த்து அவன் சிரித்தபோது, வலது பக்கத்து நாற்காலியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அவளுடைய கத்தி தானாக நின்றது.

அவளுக்கு வேலை கண்ணாடிக் கடையில். வருகிறவர்களை எதிரே உட்காரவைத்து, இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து, லென்ஸ் வெட்டுகிறவருக்குச் சொல்ல வேண்டும். எட்டத்தில் பார்க்கிற கண்கள் விலகி நிற்கும். கிட்டத்தில் பார்த்தால் இரண்டும் மூக்குப் பக்கம் கொஞ்சம் நெருங்கி வரும். யார் எங்கே பார்க்கிறார்கள் என்பதில் அவளை ஏமாற்ற முடியாது. பாட்டில் லயித்துப்போனவன் கண் எதையும் பிடிக்காமல் சும்மா மிதக்கத்தான் செய்யும். கணவனின் கண்கள் மிதக்கவில்லை. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் எதையோ பிடித்துவைத்திருந்தன.

கணவனுக்குப் பார்சல் ஆபீசில் போன் எடுக்கிற வேலை. பெட்டி வரவில்லை, வந்தது உடைந்திருக்கிறது, உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது என்று காலையிலிருந்து மாலை வரை யாராவது திட்டிக்கொண்டே இருப்பார்கள். "நாள் பூரா வசவு வாங்கற காதுக்குச் சாயங்காலமாவது நல்லதா ஏதாவது போடணும்" என்று அவன் ஆரம்பித்தபோது அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கையைக் கடிக்காமல் செய்ய வேண்டும் என்பதுதான் அவள் போட்ட ஒரே நிபந்தனை. திரை விரிசல் விட்ட பழைய போன் பாட்டுக்கு ஆயிற்று. ஓரத்தில் கிடந்த தையல் மெஷின் பலகை மேசை ஆயிற்று. அதன்மேல் சோப்பு டப்பா அளவில் ஓர் ஆம்ப்ளிஃபையர். ஹெட்போன் மட்டும் செகண்ட் ஹேண்ட். எந்நேரமும் பையில் ஒயரோடு அலைவதால் கம்பி என்று பேர் வாங்கிய அவன் சிநேகிதன் எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்தது.

வெளிப்பக்கம் மூடி இல்லாமல் சல்லடை வைத்த ஹெட்போன் அது. உள்ளே பாடுவது வெளியே கசியும். வெளியே நடப்பது உள்ளே கேட்கும்.

"அதுதான் விஷயமே" என்றான் அவன், பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி. "காதை அடைச்சாப்ல இருக்காது. ரூமுக்குள்ளயே வந்து பாடற மாதிரி இருக்கும். யார் எங்க நிக்கறாங்கன்னு கண்ணை மூடிட்டுக் கையால காட்டலாம்."

"எங்க, காட்டுங்க பாப்போம்."

அவன் கண்ணை மூடி இடது பக்கம் காட்டினான். அவள் போனை வாங்கி வேறு பாட்டு வைத்தாள். இடது பக்கம். இன்னொன்று வைத்தாள். அதற்கும் இடது பக்கம்.

"எல்லாப் பாட்டுலயும் ஒரே இடத்துலயா நிப்பாங்க?"

விரலைத் தூக்கி, கொஞ்சம் பேசாமல் இரு என்று சைகை செய்தான். அவன் எதையோ முழுசாகக் கேட்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு மாலை நேரம் அவளுடையதாக இல்லை. முன்பெல்லாம் வேலை முடிந்து வந்ததும் அன்றைக்கு வசவு விட்டவர்களை ஒவ்வொருவராக நடித்துக் காட்டுவான். மூக்கால் பேசும் மருந்துக் கடைக்காரர், வாக்கியத்துக்கு வாக்கியம் இருமும் ஓய்வுபெற்ற வாத்தியார், "கேக்குதா, கேக்குதா" என்றே காலம் தள்ளும் ஒரு மாமி. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே ஆடம்பரம் அதுதான். இப்போது வந்ததும் முகம் கழுவி, தலை வாரி, ஹெட்போனை எடுத்துவிடுகிறான். தலை வாரி! வெளியே போகும்போதுகூட வாராத தலை.

ஒருநாள் அவள் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தபோது அவன் வாய்க்குள் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். வாசலிலேயே நின்று கேட்டாள். மூக்கால் பேசினான். மருந்துக் கடைக்காரர். இடது பக்கம் பார்த்து நடித்துவிட்டு, சிரிப்பு வருவதற்கு இடம் விட்டு நிறுத்தினான். பிறகு அந்தச் சிரிப்போடு சேர்ந்து தானும் சிரித்தான்.

பத்திக்கொண்டு வந்தது அவளுக்கு. அந்தச் சிரிப்பு என்னுடையது. அந்த மருந்துக் கடைக்காரர் என்னுடையவர். ஆபீசில் எவளாவது இருந்தால்கூட நேரே போய் நாலு கேள்வி கேட்டுவிடலாம், தலைமுடியைப் பிடித்து உலுக்கிவிடலாம். துணிக் குவியலை என்னவென்று கேட்பது? அவள் துணிகளை எடுத்து அலமாரியில் திணித்தாள். மறுநாள் அந்த இடத்தில், தண்ணீர்க் குடத்துக்கு அடியில் இருந்த ஸ்டூல் வந்து நின்றது. துடைத்து வைத்திருந்தான்.

ஹெட்போனையும் உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். கணவனுக்குப் பெரிய தலை. தலைப்பட்டையை இரண்டு பக்கமும் முழுக்க இழுத்தால்தான் காதுக்கு எட்டும். அப்படி இழுத்துதான் கேட்பான், அப்படியேதான் ஆணியில் மாட்டுவான். காலையில் கூட்டும்போது பார்த்தால் பட்டை சின்னதாக உள்ளே போயிருக்கும். சின்ன, ஒடுங்கிய தலை ஒன்றுக்குச் சரியாக.

கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துக் கம்பிக்குப் போன் போட்டாள்.

"அந்த ஹெட்போன் யாருதுண்ணா?"

"யாருதோ. ஒரு வீடு காலி பண்ணாங்க, வாங்கிட்டு வந்தேன். ஏம்மா, சத்தம் சரியில்லையா?"

"லேடீஸ் யாராவது வச்சிருந்ததா?"

"அந்த வீட்டுக்காரர் மட்டும்தான் இருந்தாரு. பாவம், ஒண்டி ஆளு." கம்பி தயங்கினான். "ஆனா ஒண்ணு. குடுக்கறப்ப அவர் என்னைப் பாக்கவே இல்ல. அவருக்கு இடது பக்கம் பாத்து, மன்னிச்சுக்கன்னு சொல்லிட்டுக் குடுத்தாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆமா, எதுக்குக் கேக்கற?"

சும்மாதான் என்று வைத்துவிட்டாள். பயம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். அந்த ஆளும் தலை வாரியிருப்பானா என்றுதான் முதலில் தோன்றியது.

சனிக்கிழமை அவளுக்கு அரைநாள். கணவன் வர நேரம் இருந்தது. கதவைத் தாழ் போட்டுவிட்டு அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். பட்டை அவள் தலைக்கே கொஞ்சம் இறுக்கியது. காது மெத்தையில் வேர்த்த தலையணை வாடை. பாட்டு எதுவும் வைக்கவில்லை. சல்லடை வழியாகச் சமையலறை ஃபிரிட்ஜின் முனகல் வந்தது, மாடியில் யாரோ நாற்காலி இழுப்பது வந்தது, தெருவில் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இருமுவது வந்தது. இவற்றையெல்லாம்விடக் கிட்டத்தில், இடது காதுக்கு ஒரு சாண் தள்ளி, எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. பேச வாயெடுத்த ஒருவர், வந்திருப்பது யார் என்று பார்த்ததும் நிறுத்திக்கொள்வதைப் போல.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். ஃபிரிட்ஜ் மட்டும். மாட்டினாள்.

மௌனம். அந்த மௌனம் அவளுக்குத் தெரியும். கடையில் மற்றவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளே நுழைந்தால் சட்டென்று விழுமே, அது. நீ போ, உன்னோடு எனக்கென்ன பேச்சு என்கிற மௌனம்.

"யாருடி நீ?" என்றாள். அவளுடைய குரலே சல்லடை வழியாக வெளியாள் குரலாகத் திரும்பி வந்தது. ஸ்டூல் லேசாகக் கிறீச்சிட்டது. உட்கார்ந்திருப்பவர் வேண்டுமென்றே முதுகைத் திருப்பிக்கொள்வது மாதிரி.

என் வீட்டில். என் ஸ்டூலில்.

ஆனாலும் புத்தி வேலை செய்தது. ஹெட்போனின் இரண்டு காதுக்கும் தனித்தனி ஒயர். அடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பின். சிவப்பு வளையம் போட்டது வலதுக்கு, கறுப்பு இடதுக்கு. முதல் நாளே பெருமையாகச் சொல்லிக் கொடுத்திருந்தான். "மாத்திக் குத்தினா எல்லாம் பக்கம் மாறிடும். இங்க நிக்கறவங்க அங்க போயிடுவாங்க."

போகட்டுமே. இடது பக்கம் யாரும் இல்லையென்றால் அவன் வலது பக்கம் திரும்புவான். வலது பக்கம் இருப்பது நான். என் நாற்காலி. இத்தனை நாளாக அவன் முகத்தின் ஓரத்தை மட்டுமே பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிற்று.

இரண்டு பின்களையும் பிடுங்கி மாற்றிக் குத்தினாள். சிவப்பு இடதில், கறுப்பு வலதில். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது தனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

அவன் வந்தான். முகம் கழுவினான். தலை வாரினான். ஹெட்போனை மாட்டி, பாட்டை வைத்து, இடது பக்கம் திரும்பினான். அவள் தன் நாற்காலியில் பீன்ஸ் தட்டோடு உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நெற்றி சுருங்கியது. துணிக்கடைக் கூட்டத்தில் கை நழுவிப்போன குழந்தையைத் தேடுகிறவன் மாதிரி ஸ்டூலை, சுவரை, தரையைத் தேடினான். அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது. பிறகு அவன் கழுத்து மெல்ல, மிக மெல்ல, வலது பக்கம் திரும்பிற்று.

அவளைப் பார்த்தான். அவன் முகம் அப்படியே மலர்ந்தது.

எத்தனை நாள் ஆயிற்று! கத்தியைத் தட்டில் வைத்தாள். ஏதாவது சொல்ல வேண்டும், முதலில் அந்த மருந்துக் கடைக்காரரை நடிக்கச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தவள், தொழில் பழக்கத்தில் அவன் கண்களை அளந்தாள்.

நெருங்கியிருந்தன. ரொம்பவும் நெருங்கியிருந்தன.

அவள் முகத்தைப் பார்க்கிற கண்கள் இவ்வளவு நெருங்க வேண்டியதில்லை. அவளுக்கு முன்னால், ஒரு சாண் முன்னால், எதையோ பார்க்கிற கண்கள். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கிற எதையோ.

அப்போதுதான் தொடையில் அந்தக் கனத்தை உணர்ந்தாள். தட்டின் கனம் இல்லை. தட்டு எப்போதோ ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. மடியில் ஒரு குளிர்ச்சி, இடம் பார்த்து, அசைந்து, வசதியாக உட்கார்ந்தது. மார்பின்மேல் ஒரு முதுகு சாய்ந்தது. மூக்குக்கு நேரே வேர்த்த தலையணை வாடை.

கத்த முடியவில்லை. பக்கவாட்டில் புரண்டு தரையில் விழுந்தாள். பீன்ஸ் சிதறிற்று. முழங்கையால் ஊர்ந்து, மேசையைச் சுற்றி, அவனுக்கு இடது பக்கம் போனாள். கைக்கு அகப்பட்ட ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அதிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் விழுந்ததை அவன் பார்க்கவில்லை. எழுந்ததையும் பார்க்கவில்லை. நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலி மெத்தை நடுவில் குழிந்திருந்தது.

"இப்பதான் நீ தெளிவாத் தெரியறே" என்றான் அதனிடம்.

"என்னங்க."

அவன் திரும்பவில்லை.

"என்னங்க, இங்க பாருங்க. நான் இந்தப் பக்கம் இருக்கேன். அது நான் இல்ல."

அவன் முகம் சுளித்தான். தோளைப் பிடித்து உலுக்கினாள். ஈ உட்கார்ந்ததுபோல் தோளைச் சிலுப்பிக்கொண்டான். அவள் அவன் காதருகே வாயை வைத்து, சல்லடைக்குள்ளேயே, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். பேர் சொல்லிக் கத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத பேர்.

அவன் நாற்காலியைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்தான்.

"இரு, இரு. இடது பக்கம் ஏதோ இரைச்சல் வருது. ஒயர்ல கோளாறு போல. எடுத்துடறேன்."

"வேணாம்" என்றாள்.

அவன் கை தடவிக்கொண்டு வந்தது. அவள் கன்னத்தை உரசிக்கொண்டு போயிற்று. சிவப்பு வளையத்தைப் பிடித்தது.

"வேணாங்க, வேணாம், நான்தாங்க—"

பிடுங்கினான்.

ஃபிரிட்ஜ் நின்றது. தெரு நின்றது. அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது, தொண்டை நரம்பு புடைத்துக்கொண்டே இருந்தது, அவளுக்கே ஒன்றும் கேட்கவில்லை. அவன் உதடுகள் மட்டும் தெரிந்தன. அந்த உதடுகள் மூக்கால் பேசுவதற்குக் குவிந்தன. எதிரே நாற்காலியில் பீன்ஸ் தட்டு தானாக நிமிர்ந்து, யாருடைய மடியிலோ வந்து அமர்ந்தது. சிரிப்பில் குலுங்கியது.