ஆறு நிமிட முகம்

முகத்தைப் பார்க்காமல் கருவைக் கொடுக்க முடியாது. இசைவுக்கூடத்தில் ஆறு நிமிடம் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். அதன் பிறகுதான் தகட்டில் விரல் வைக்கலாம். கருவைக் கொடுக்க வருகிறவர்கள் ஒரு கணமாவது தயங்கட்டும் என்று போட்ட சட்டம்.

"சேலை சரசரங்குது. பட்டா?" என்றார் சண்முகராஜ். "குடுக்க வந்திருக்கோம் வாணி. பொண்ணு பாக்க வரல."

"சும்மா வாங்க" என்றாள் கோகிலவாணி.

அவருக்கு விழித்திரையின் நடுப்பகுதி உதிர்ந்து நாலு வருடம். நேராகப் பார்க்கும் எதன்மேலும் சாம்பல் அப்பியிருக்கும். ஓரங்கள் மட்டும் தெரியும். ஒரிசா வரை போர்வெல் வண்டி ஓட்டியவர், தட்டில் பொரியல் எங்கே என்று விரலால் தேடுகிறார். அவர்களுடைய கருவிலிருந்து குருத்தணுக்களை எடுத்துப் புது விழித்திரை வளர்த்துவிடலாம். கரு மட்டும் மிஞ்சாது.

இருந்ததும் ஒன்றுதான். ஒன்பது வருடமாக உறைகலத்தில் கிடந்தது. அதனோடு உருவான மற்ற மூன்றும் அவள் வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவதோடு கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். இன்னொருத்தி சுமக்கச் சட்டம் இடம் தரவில்லை. "அங்க கெடந்து என்ன பண்ணப் போவுது? உங்க கண்ணாவது வரட்டும்" என்று நாள் குறித்தவள் அவள்தான்.

அலுவலர் நிறைமதி சின்னப் பெண். பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

"கருவோட மரபணுவ வெச்சு முகங்காட்டி கணக்குப் போடுமுங்க. அன்னிக்கே வயித்துல தங்கிப் பொறந்திருந்தா இன்னிக்கு எப்படி இருக்குமோ, அந்த முகம். பேசாதுங்க. படம் எடுக்கக் கூடாது."

"பாத்துட்டு மனசு வரலைன்னா, அம்மிணி?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"ஒத்திவைக்கலாங்க. அடுத்த வருஷம் மறுபடி கேப்போம். அப்பவும் முகத்தக் காட்டியாகணும்."

"இதே முகமா?"

"ஒரு வயசு கூடியிருக்குமுங்க."

விளக்கு அணைந்தது. சுவர் ஒளிர்ந்தது.

எட்டு வயதுப் பெண். நகையில்லை, பொட்டில்லை. அகலமான நெற்றி. ஒரு புருவம் சற்றே தூக்கியிருந்தது. மூச்சு விட்டாள். இமைத்தாள்.

"வந்தாச்சா? பையனா, புள்ளையா?"

"புள்ளைங்க."

அவர் கோழியைப்போலத் தலையைச் சாய்த்து, கண்ணோரத்தால் பிடிக்கப் பார்த்தார்.

"காது தெரியுது. எங்கம்மா காது."

"அதே மொறக்காதுதான்."

"பாவம். மூக்கு?"

"உங்களுது."

"போச்சு போ. எங்க கட்டிக் குடுக்கறது?" அவர் சிரித்தார். "சொல்லு, இன்னும் சொல்லு."

சொன்னாள். தலைமயிர் சுருட்டை. மோவாயில் குழி. வாய் லேசாகத் திறந்திருக்கிறது, முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் பாதிதான் முளைத்திருக்கிறது. அது முழுதாக முளைக்க எத்தனை மாதமாகும் என்று யோசித்தாள். அந்தப் பெண் மறுபடி இமைத்தாள்.

"ஏன் நிறுத்திட்டே?"

"பாத்துட்டிருக்கேன்."

அவர் காத்திருந்தார்.

சுவர் வெள்ளையானது.

நிறைமதி தகட்டைக் கொண்டுவந்து வைத்தாள். இடது கட்டம், அளிக்கிறேன். வலது கட்டம், ஒத்திவைக்கிறேன். இருவர் விரலும் ஒரே கட்டத்தில் விழ வேண்டும். விரல் வைக்கும்போது அலுவலர் பேசக் கூடாது, பார்க்கக் கூடாது. யாரையும் எந்தப் பக்கமும் தள்ளிவிடக் கூடாதே என்று அதற்கும் ஒரு சட்டம். நிறைமதி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

சண்முகராஜ் கட்டைவிரலை நீட்டினார்.

"நீ சொன்னதுலயே புள்ளையப் பாத்துட்டேன், வாணி. போதும். கண்ணு வந்ததும் மொதல்ல உன் மூஞ்சியத்தான் பாக்கணும். நாலு வருஷமாச்சு." விரல் காற்றில் நின்றது. "எங்க வெக்கட்டும்?"

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் கை அவள் பிடிக்குள் தளர்ந்து கிடந்தது. இடது கட்டத்தின் மேலாகக் கொண்டுபோனாள். தாண்டினாள்.

"இங்கதாங்க."

அவர் அழுத்தினார். அவளும் பக்கத்தில் அழுத்தினாள்.

நிறைமதி திரும்பித் தகட்டைப் பார்த்தாள். பிறகு கோகிலவாணியைப் பார்த்தாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"அடுத்த வருஷம் இதே தேதிக்கு வந்துருங்க."

"கண்ணு வளர அவ்வளவு நாளாகுமா?" என்றார் சண்முகராஜ்.

"ஆகுமுங்க" என்றாள் கோகிலவாணி.

அவர் கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"செரி. நாலு போயிருச்சு, இன்னொண்ணு போவட்டும்."

எழுந்து கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு, வெறும் சுவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி அவரை வாசலுக்கு நடத்திப் போனாள்.