வீட்ல கேட்டாச்சு

மருதம் கார்டனில் அன்று காலை மூன்று குடும்பங்கள் தெருவில் இறங்கிச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் எஸ்தருக்கு வண்டியை நிறுத்த இடம் கிடைக்கவில்லை. ஒரு தம்பதி வேப்பமர நிழலைப் பிடித்துவிட்டார்கள். மாமியாரும் மருமகளும் குப்பைத்தொட்டி அருகே நின்றார்கள். மூன்றாவது குடும்பம், நிழல் எப்போது காலியாகும் என்று முறைத்தபடி காத்திருந்தது.

எல்லாம் உணர்சாந்து செய்த வேலை. விரிசலையும் ஈரக்கசிவையும் முன்கூட்டியே சொல்லட்டும் என்று சுவர்ப்பூச்சில் கலந்த பொடி அது. அது விரிசலைச் சொன்னது. கூடவே தன்மேல் பட்ட ஒவ்வோர் அதிர்வையும் சேமித்தும் வைத்தது. கதவை அறைந்த சத்தம், கத்தல், விசும்பல் என எதையும் விடவில்லை. அதைப் படிக்கும் கருவி வந்த பிறகு வீட்டின் மதிப்பு சதுர அடியோடு நிற்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கும் பத்துக்கு இத்தனை என்று ஓர் அமைதியளவு வந்தது. நம் ஜனங்கள் லேசுப்பட்டவர்களா? மறுநாளே சண்டையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார்கள். ‘வெளியே போய்ப் பேசிக்கலாம்’ என்று ஒருவர் சொன்னால் மற்றவர் செருப்பைத் தேடுவார். அதற்கு அர்த்தம் சண்டை.

எஸ்தர் ஒரு வீட்டு மதிப்பீட்டாளர். பிரதீபன் அவளை அழைத்ததும் ஒரு மதிப்புச் சான்றிதழுக்காகத்தான். அவர் நூற்பாலை எந்திர வடிவமைப்பாளராக இருந்து போன மாதம் ஓய்வு பெற்றவர். இந்த வீட்டை விற்றுவிட்டு, பாலக்காட்டுச் சாலையில் புதிதாக எழும்பியிருக்கும் காற்றுக்கோபுரம் என்ற அடுக்குமாடியின் நாற்பதாவது மாடிக்குக் குடிபோக முடிவு செய்திருந்தார். வாங்க வந்த மருத்துவர் தம்பதி ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். அமைதியளவு ஒன்பதுக்கு மேல் இருக்க வேண்டும். சான்றிதழ் இன்றைக்குள் கைக்கு வரவேண்டும்.

“ஒன்பதென்னங்க, பத்தே வந்தாலும் வரும். இருபத்தோரு வருசத்துல இந்த வீட்டுல ஒரு சத்தம் கேட்டிருக்காது பாருங்க” என்று பிரதீபன் பெருமையாக நாற்காலியை இழுத்துப் போட்டார். அவருடைய மனைவி தாரணி சமையலறை வாசலில் வந்து நின்று, யார் இந்தப் பெண் என்பதுபோல் பார்த்துவிட்டு, காப்பி போட உள்ளே போனாள்.

வீடு தாரணியின் பெயரில்தான் இருந்தது. பெண்கள் பெயரில் பதிந்தால் சலுகை என்று யாரோ சொன்னதால் வாங்கும்போது அப்படி எழுதினார்கள். அதற்குப் பிறகு அதை இருவருமே நினைத்துப் பார்த்ததில்லை. எந்தக் காகிதம் வந்தாலும் பிரதீபன் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் தாரணி கையெழுத்துப் போடுவாள்.

எஸ்தர் சுவர்வாசியைக் கூடத்துச் சுவரில் ஒட்டினாள். சுவரை வாசிக்கும் கருவி என்பதால் அந்தப் பெயர். உள்ளங்கை அகலத்தில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஐந்தே நிமிடத்தில் அத்தனை வருடங்களையும் படித்துவிடும்.

“அமைதியளவு ஒன்பது புள்ளி ஏழு” என்றது கருவி. பிரதீபன் தொடையைத் தட்டினார். “குடியிருப்போர் ஒருவர்” என்றது அடுத்து.

“ஒருத்தரா? நாங்க ரெண்டு பேர் இருக்கோமுங்களே!”

எஸ்தருக்கும் குழப்பமாக இருந்தது. “போன்லயோ நேர்லயோ கேள்வியும் பதிலுமா பேசுறவங்களைத்தான் சார் இது ஆள்னு எடுத்துக்கும். மேடம் ரொம்ப மெதுவா பேசுவாங்களோ? சரி, அதை அப்புறம் பார்க்கலாம். விற்க எல்லாருக்கும் சம்மதம்தானே? நீங்க வாயால சொன்னா போதும். இது சுவர்ப் பதிவோட ஒத்துப் பார்த்துக்கும்.”

“அதெல்லாம் வீட்ல கேட்டாச்சுங்க. வீட்ல சரின்னுட்டாங்க.”

சுவர்வாசி சிவப்பாக மின்னியது. “வீட்டிடம் கேட்டதற்குப் பதிவு இல்லை.”

பிரதீபன் எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் கருவியைப் பார்த்தாள்.

“வீட்டுகிட்ட எதுக்குங்க கேக்கோணும்? செங்கல்லும் சிமெண்டும் பதில் சொல்லுமா?”

“இது வெளிநாட்டுல செஞ்சது சார். தமிழைப் புத்தகத்துல படிச்சிருக்கு. வீடுன்னா வீடுன்னே எடுத்துக்கும்.”

கருவி தன் பாட்டுக்குத் தொடர்ந்தது. “‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’ என்று கூறியது இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு முறை. அதன்பின் வீட்டிடம் கேட்டது பூஜ்யம்.”

“அட, இதென்னங்க கூத்து!” பிரதீபனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பைத்தியக்கார மெசினு. வீடுன்னா சம்சாரமுங்க. ஊருக்கே தெரியும். இதுக்குச் சொல்லிக் குடுங்க.”

எஸ்தரும் சிரித்துக்கொண்டே கருவியின் திருத்தச் சொல் பட்டியலைத் திறந்தாள். ‘வீட்ல’ என்பதற்கு எதிரே ‘மனைவி’ என்று எழுதினாள். “இப்ப சரியாகிடும் சார்” என்று மறுபடியும் வாசிக்கவிட்டாள்.

தாரணி இரண்டு டம்ளர் காப்பியோடு வந்த நேரம் அது.

“மனைவியிடம் கேட்டது பூஜ்யம்” என்றது சுவர்வாசி.

பிரதீபனின் சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றது. இதில் எங்கோ தவறு இருக்கிறது என்று அவர் உண்மையாகவே நம்பினார். கேட்டிருக்கிறோமே! எப்போது கேட்டோம்? கேட்டதாக இத்தனை பேரிடம் சொன்னது அவருக்குத் தெளிவாக நினைவிருந்தது. கேட்டதுதான் நினைவுக்கு வரவில்லை.

“வீட்ட விக்கறதா காதுல விழுந்துச்சே, நெசமாங்களா?” என்று தாரணி மெதுவாகக் கேட்டாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் கருவி முந்திக்கொண்டது. திருத்திய சொல் அதற்குப் புதுக் கதவுகளைத் திறந்துவிட்டிருந்தது. “தொடர்புள்ள பதிவுகள்: ‘வீட்ல வேண்டாங்கறாங்க’, அறுநூற்று நாற்பது முறை. மனைவி அவ்வாறு கூறியதற்குப் பதிவு இல்லை. மாதிரி ஒன்று.” பத்து வருடங்களுக்கு முன் பிரதீபன் போனில் தன் அக்காவிடம் பேசிய குரல் சுவருக்குள்ளிருந்து வந்தது:

“இல்லீங்கக்கா. முட்டி ஆபரேசன் பண்ணிட்டு நீங்க இங்க வந்து ரெண்டு மாசம் இருக்கறதுல எனக்கென்னங்க வந்துச்சு? வீட்லதான் வேண்டாங்கறாங்க.”

எஸ்தர் பதறிப்போய்ப் பொத்தானை அழுத்தினாள். குரல் மட்டும் நின்றது. தாரணி காப்பி டம்ளர்களைக் கீழே வைத்தாள்.

“அதனாலதான் உங்கக்கா பத்து வருசமா என் மூஞ்சியில முழிக்கறதில்லையா? நான் என்ன தப்புப் பண்ணினேன்னு நெனச்சு நெனச்சு... கல்யாண வீட்டுல எதிர்ல வந்தும் மூஞ்சியத் திருப்பிட்டுப் போனாங்களே!”

பிரதீபன் பழக்க தோஷத்தில் செருப்பைத் தேடினார். “வா, வெளியே போய்ப் பேசிக்கலாம்.”

“எங்கயும் வரமாட்டேன்.” தாரணி கூடத்தின் நடுவில் நின்றாள். “இங்கயே பேசலாம்.”

“தாரணி, சுவரு! மெசினு ஓடிட்டிருக்குது!”

“ஓடட்டும்! இருபத்தோரு வருசம் இந்தச் சுவத்துக்குப் பயந்து எனக்கு என் குரலே மறந்துபோச்சு. பாத்திரத்தக்கூட மெதுவாத்தான் வெப்பேன். உங்க நல்ல பேருக்காக என் பேர வித்துட்டீங்க, இப்ப வீட்டயும் விக்கறீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அந்த வீட்டில் முதல் தடவையாக ஒரு குரல் கூரை வரை போனது. பிரதீபனும் கத்தினார், எதற்காகக் கத்துகிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை. அக்கா வந்தால் உனக்குத்தான் வேலை என்று நினைத்தேன் என்றார். அதை என்னிடம் கேட்டிருக்கலாமே என்றாள். கோபுரத்தில் காற்று நன்றாக வரும் என்றார். எனக்கு உயரமென்றால் தலை சுற்றும், அது உங்களுக்குத் தெரியுமா என்றாள். அவருக்குத் தெரியவில்லை. அவர் குரல் தானாக இறங்கிவிட்டது.

கருவியின் கணக்கில் புதிய அதிர்வுகளுக்கு எடை அதிகம். ஒன்பது புள்ளி ஏழு, எட்டு புள்ளி ஒன்பதாகி, எட்டாகி, ஏழு புள்ளி இரண்டுக்கு வந்து நின்றது. எஸ்தர் எண்களையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பதினொரு வருடத் தொழிலில், மதிப்பு கண்ணெதிரே கரைவதை அவள் பார்த்ததில்லை. அப்போது இன்னொரு வரியும் மாறியது.

“குடியிருப்போர் இருவர்” என்றது சுவர்வாசி.

வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடித் தம்பதி பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்குள்ளேயே சண்டை போடும் ஆட்களை அவர்கள் கண்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

“சார்” என்று எஸ்தர் தயங்கினாள். “இப்ப ஏழு புள்ளி ரெண்டுன்னுதான் சான்றிதழ் போட முடியும். இல்லேன்னா ஒரு வருஷம் சத்தமில்லாம இருந்தீங்கன்னா பழைய அளவுக்கு ஏறிடும், அப்ப வந்து போட்டுத் தர்றேன். என்ன பண்ணட்டும்?”

இன்னொரு வருடம் சத்தமில்லாமல். பிரதீபன் தாரணியின் முகத்தைப் பார்த்தார். அது சிவந்து, வியர்த்து, அவருக்குப் பழக்கமில்லாத ஒரு முகமாக இருந்தது. வாங்க வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. அவர் வாய், அவரைக் கேட்காமலே, தனக்குத் தெரிந்த ஒரே பதிலை எடுத்தது.

“வீட்ல கேட்டுச்...”

பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டாயிரத்து நூற்றுப் பதினைந்து. கருவி எண்ணிவிட்டுக் காத்திருந்தது. எஸ்தரும் காத்திருந்தாள். அவர் மெல்லத் திரும்பினார்.

“தாரணி... என்ன பண்ணலாம்? நீ சொல்லு.”

“மனைவியிடம் கேட்டது ஒன்று” என்றது சுவர்வாசி.

தாரணி ஆறிப்போன காப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. ஆனாலும் உதட்டோரம் சிரிப்பு துடித்தது.

“இருங்க, எங்க வீட்டுக்காரரக் கேட்டுச் சொல்றேன்” என்று எஸ்தரிடம் சொன்னாள்.

கருவிக்கு மறுபடியும் குழப்பம். விளக்கு மஞ்சளாகச் சுற்றியது. வீட்டுக்காரர் என்றால் கணவர் என்று எஸ்தர் அதற்குச் சொல்லிக் கொடுக்க மறந்திருந்தாள். அது புத்தகத்தில் படித்த தமிழை வைத்துக்கொண்டு நேராக வீட்டுப் பத்திரத்துக்குப் போய்த் தேடியது.

“வீட்டுக்காரர்: தாரணி” என்றது.

எஸ்தர் திருத்தச் சொல் பட்டியலைத் திறக்கக் கையை நீட்டினாள்.

“அதத் திருத்தாதீங்க” என்றாள் தாரணி, சத்தமாகவே.