சுரைப்பந்தலுக்குப் போன தண்ணீர்

சுரைக்காயை இரண்டாக அரிந்தபோது உள்ளே ஈரமே இல்லை. முற்றிப்போன காய் என்றால் சரி என்று விட்டுவிடலாம். இதுவோ நகம் பட்டாலே தோல் கிழிகிற பிஞ்சு, காலையில்தான் பந்தலிலிருந்து பறித்தது; வெளியே பச்சை மினுமினுக்க, உள்ளே மட்டும் பழைய தலையணைப் பஞ்சு மாதிரி பொருபொருவென்று உதிர்ந்தது. கயல்விழி இன்னொன்றை அரிந்தாள். அதுவும் அப்படியே. கத்தரிக்காயைக் கீறினாள், தக்காளியைப் பிதுக்கினாள், சாறு என்று ஒரு சொட்டு வரவில்லை. யாரும் பார்ப்பதற்குள் எல்லாவற்றையும் முறத்தோடு அள்ளிப்போய்க் குப்பைக்குழியில் கொட்டி மண்ணைத் தள்ளி மூடினாள்.

அவள் கொல்லைக்குத் தண்ணீர்க் குறைச்சல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. விவகாரமே அதுதான்.

சிங்காநல்லூரில் அவள் வீதி முழுக்க அந்த வருஷம் தவித்துக் கிடந்தது. குழாயில் சிறுவாணித் தண்ணீர் என்றைக்காவது ஒரு நாள் நூல் மாதிரி வரும், நாலு குடம் பிடிப்பதற்குள் நின்றுவிடும். கயல்விழியின் புருஷன் தமிழ்ச்செல்வன் பம்ப் கம்பெனியில் ஃபிட்டர். கழித்துப்போட்ட சாமான்களைச் சேர்த்து ஒரு சின்ன மோட்டார் செய்து, கொல்லைப்பக்கம் குடிதண்ணீர்க் குழாயிலேயே மாட்டி, மேலே சாக்குப் போட்டு மறைத்துவிட்டான். வீதிக்கு வருவதையெல்லாம் அது இவர்கள் வீட்டுக்கே உறிஞ்சியது. தை மாதம் விதை ஊன்றியபோது, "இனிக் கடைல காயே வாங்க வேண்டாமுங்க, பாருங்க" என்று பெருமை பேசியவள் அவள்தான். மாசியில் கத்தரி பூத்தது. பங்குனியில் சுரைக்கொடி பந்தலை மூடியது. ஊர் காய்ந்து கிடக்க அவள் கொல்லை மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தது. கேட்டவர்களிடம், "பாத்தரங் கழுவுற தண்ணிதானுங்க" என்று சொல்லிவைத்தாள்.

வீதியின் கடைசி வீட்டில் சுப்பாத்தாள் ஒண்டியாக இருந்தாள். மில் வேலைக்குப் போய் ஓய்ந்தவள். குழாய் அவள் வீட்டோடு முடிகிறது, ஆகவே தண்ணீர் முதலில் நின்றதும் அங்கேதான். ஒரு நாள் பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க அம்மணி, உங்கூட்ல தண்ணி வந்துச்சுங்களா? ஒரு கொடம் ஊத்துனாப் போதும் கண்ணு."

"எங்களுக்கும் ஒரு சொட்டு வரலீங்க அக்கா."

சொல்லி வாய் மூடவில்லை, கொல்லையில் ரப்பர் குழாயிலிருந்து பாத்திக்குத் தண்ணீர் பாய்கிற சத்தம் வாசல்வரை வந்தது. சுப்பாத்தாள் அதைக் கேட்டாள். கேட்டது கண்ணிலேயே தெரிந்தது. "சரிங்க அம்மணி" என்று மட்டும் சொல்லிவிட்டு, உச்சி வெயிலில் அடுத்த வீதி அடிபம்புக்குப் போனாள். அங்கேயே சுருண்டு விழுந்தாள். யாரோ தண்ணீர் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது.

பிணத்தைக் குளிப்பாட்டவும் தண்ணீர் இல்லை. எதிர்வீட்டுப் பத்மாவதி வீடு வீடாக வந்து ஆளுக்கொரு குடம் கேட்டாள். கயல்விழி வீட்டில் டிரம் ததும்பிக் கொண்டிருந்தது. நிறைகுடமாகக் கொண்டுபோனால் ஏது என்று கேட்பார்களே என்று பயந்து, பாதியைக் கத்தரிப் பாத்தியில் கவிழ்த்துவிட்டு அரைக்குடத்தோடு போனாள். "இல்லாத கொறைலயும் கொண்டாந்தயே கண்ணு" என்று பத்மாவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடம் இன்னும் கூசியது. குழம்பு தாளிக்கும்போதும், தலை வாரும்போதும், திடீரென்று அந்த அரைக்குடம் ஞாபகம் வரும். வெட்கம் பிடுங்கித் தின்னும்.

அதற்கப்புறம்தான் காய்கள் வற்றின. டிரம் டிரம்மாக ஊற்றினாலும் மண் புழுதி பறந்தது. ஊற்றி முடித்ததும் பந்தலுக்கடியில் ஒரு சத்தம் வரும். வெயிலில் நடந்து வந்தவர்கள் சொம்பை அண்ணாந்து குடிப்பார்களே, அந்தச் சத்தம். மடக். மடக். பிறகு ஒரு பெருமூச்சு.

"அந்த மோட்டாரக் கழட்டிப்போடுங்க" என்றாள், காய்களைப் புதைத்த அன்று தமிழ்ச்செல்வன் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது.

"காய்க்கற நேரத்துலயா? ஆராச்சும் ஏதாச்சுங் கேட்டாங்களா?"

"கேக்கலீங்க."

"அப்பறமென்ன" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட் போனது. வீதிப் பெண்கள் விசிறியோடு வாசல்களில் வந்து உட்கார்ந்தார்கள். பத்மாவதியின் பேச்சும் வளையல் சத்தமும் கேட்டன. கயல்விழியும் போயிருப்பாள். ஆனால் அந்த நேரத்தில், சுத்தமாகக் கரண்ட் இல்லாத வீட்டில், சாக்குக்கு அடியில் மோட்டார் ஓடத் தொடங்கியது.

அவள் கொல்லைக் கதவைத் திறந்தாள். ஈர மண் வாசம் இல்லை. பூட்டிக்கிடந்த வீட்டின் புழுக்க வாசம் அடித்தது. தரையில் கிடந்த ரப்பர் குழாய் விறைத்து நின்று, கன்றுக்குட்டி மடியை முட்டி இழுப்பதுபோல் வெடுக் வெடுக்கென்று இழுபட்டது. அதன் மறுமுனை பந்தலுக்குள் இருட்டில் இருந்தது.

மடக். மடக்.

கூப்பிட்டால் போதும். பத்மாவதி டார்ச்சோடு ஓடி வருவாள், எல்லோரும் வருவார்கள். வந்தால் மோட்டாரைப் பார்ப்பார்கள். கயல்விழி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பயத்தைவிட அந்த வெட்கம் பெரிதாக இருந்தது.

குடிப்பது நின்றது.

பந்தலுக்கடியில் யாரோ குந்தியிருந்தார்கள். இடுப்பில் குடம். முகம் திரும்பியது. உதடு வெடித்து, சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. நாக்கும் காய்ந்திருந்தது.

"ஏனுங்க அம்மணி" என்றது. மரியாதையான குரல். "தண்ணி வந்துச்சுங்களா?"

கயல்விழி கதவைப் பிடித்துக்கொண்டாள். அது எழுந்தது. கொடிகளை விலக்கிக்கொண்டு வந்தது. ஒரு எட்டு. இன்னொரு எட்டு.

தெரியட்டும் என்று அப்போதுதான் தோன்றியது. எல்லோருக்கும் தெரியட்டும். சொல்லிவிடலாம். முந்தானையை உருவி எறிந்தாள். பத்மாவதி அக்கா என்று கத்த வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை.

தண்ணீர் வந்தது. குளிர்ந்த, தித்திப்பான, நல்ல சிறுவாணித் தண்ணீர். தொண்டையிலிருந்து கொட்டியது. நிற்கவில்லை. மூச்சு விட முடியவில்லை. சுப்பாத்தாள் பக்கத்தில் வந்து, குடத்தை அவள் மோவாய்க்குக் கீழே ஏந்தினாள்.

"கயலு" என்று வாசலிலிருந்து பத்மாவதி கேட்டாள். "உங்கூட்ல என்ன கண்ணு தண்ணி கொட்டற சத்தம்?"

செருப்புச் சத்தங்கள். கூடம் தாண்டி வந்தன. டார்ச் வெளிச்சம் முதலில் சாக்கு நழுவிக் கிடந்த மோட்டார்மேல் விழுந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெதுவாகக் கயல்விழியின் முகத்துக்கு ஏறியது. வீதிப் பெண்கள் எல்லோரும் கதவடியில் நின்று பார்த்தார்கள்.

அவளால் வாயை மூட முடியவில்லை. சுப்பாத்தாள் ஒரு துளி சிந்தாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.