ஒரு நாளைக்கு இரண்டு நாழிகை

1988, ஜூலை 19, செவ்வாய். பகல் 1.35.

சுராயா நூற்று நாற்பதாவது பெயரைத் தட்டிக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் திரை அணைந்தது. ஒரு நொடிதான். பிறகு அது தானாகவே உயிர்பெற்று, இன்று என்ன தேதி, மணி என்ன என்று அவளையே கேட்டது. காலையிலிருந்து தட்டிய பெயர்களில் ஒன்றுகூட இல்லை. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். அழவில்லை. அழுகையெல்லாம் போன மாதத்தோடு தீர்ந்திருந்தது.

மறுநாள் காலை 10.20-க்குத் தருமலிங்கம் பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினார். வயது ஐம்பத்து நான்கு. ரேடியோ பழுது பார்த்துப் பழகி, டி.வி.க்கு மாறி, இப்போது கம்ப்யூட்டர். முழங்கால் வலித்தது. அந்த வாரத்தில் இது அவருக்கு நான்காவது ஊர்.

ஏரிக்கரையில் ஓட்டுக் கட்டடம். காசநோய்க்காரர்களுக்கு மருந்து தரும் ஒரு தொண்டு நிறுவனத்தின் கிளை. சுற்றுவட்டக் குப்பங்களில் முந்நூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள். மாதாமாதம் அவர்கள் பெயர்ப்பட்டியல் பிளாப்பியில் சென்னைக்குப் போகும். பட்டியலில் பெயர் இருந்தால்தான் மருந்துப் பொட்டலம் வரும். போன மாதம் பட்டியல் பாதியில் அறுந்து, பதினோரு பெயர்கள் விடுபட்டுப்போயின.

கிளை மேலாளர் வீரராகவன் தலைமையகத்துக்கு எழுதியிருந்த புகாரைத் தருமலிங்கம் பஸ்ஸிலேயே படித்திருந்தார். இயந்திரத்தில் குறையில்லை, தட்டுகிற பெண்தான் வேலை செய்யப் பிடிக்காமல் அணைத்துவிடுகிறாள் என்பது சாரம். அதற்குச் சாட்சியும் இருந்தது. அக்கா கல்யாணத்துக்காகச் சுராயா போன சனிக்கிழமைக்கு முந்தைய சனி முதல் வியாழன் வரை விடுப்பில் இருந்தாள். அந்த ஐந்து வேலை நாளும் வீரராகவனே உட்கார்ந்து தட்டினார். ஒருமுறைகூட நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை அவள் திரும்பினாள். காலை 10.15-க்கு நின்றது.

10.45. தருமலிங்கம் இயந்திரத்தைத் திறந்தார். உப்புக்காற்று தகரத்தில் வெள்ளையாய்ப் பூத்திருந்தது. தூரிகையால் தட்டினார். சில்லுகளை ஒவ்வொன்றாய் அழுத்திப் பார்த்தார். எதுவும் தளரவில்லை. சூட்டினால் நிற்கிறதா என்றால், காலை பத்தேகாலுக்கும் நின்றிருக்கிறது. சுவர் பிளக்கில் மீட்டரை வைத்தார். இருநூற்று இருபத்தைந்து வோல்ட். அசையவில்லை.

பியூஸ் கட்டை எங்கே என்று கேட்டார். தன் அறை அலமாரிக்குள் இருக்கிறது, சாவி வீட்டில் மறந்துவிட்டது, போன முறை வந்த மெக்கானிக் அதைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டான் என்றார் வீரராகவன். தருமலிங்கம் தலையாட்டினார். வீரராகவன் இடுப்புக் கயிற்றில் ஒரு சாவிக்கொத்து தொங்கியது.

அறையில் அனல் பறந்தது. மின்விசிறி இருந்தும் சுற்றவில்லை. ஏன் என்று சுராயாவிடம் கேட்டார். போட்டால் நோயாளிகளின் அட்டைகள் பறந்துவிடும் என்றாள். பகலில் விளக்கும் போடுவதில்லை. ஜன்னல் வெளிச்சமே போதும்.

12.10. அவள் நோட்டைக் கேட்டு வாங்கினார். வெள்ளி 10.15. சனி 11.05. ஞாயிறு விடுமுறை. திங்கள் 12.45. செவ்வாய் 1.35. அதற்கு முந்தைய பக்கங்களிலும் அப்படியே. சில நாட்கள் வரிசையாக நேரம் தள்ளிக்கொண்டே போய், மாலை ஐந்து மணியைத் தொட்டதும் நின்றுவிடும். ஐந்தாறு நாள் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி காலை பத்து மணிக்கு மேல் தொடங்கும்.

தருமலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெனம் அம்பது நிமிஷம் தள்ளுது. இந்த ஊர்ல வேற எது இப்டி தள்ளும்மா?"

சுராயாவுக்குத் தெரியவில்லை. வாசற்படியில் இருந்து பதில் வந்தது. அங்கே காலையிலிருந்து உட்கார்ந்திருந்தவன் முனியன். ஏரியில் எறா என்னும் இறாலைக் கையால் தடவிப் பிடிக்கிறவன். விடுபட்ட பதினோரு பேரில் அவன் மனைவி காசியம்மாளும் ஒருத்தி. மருந்து கேட்டு மூன்றாவது முறையாக வந்திருந்தான்.

"தண்ணி ஏத்தம் சார். முகத்துவாரத்துல தண்ணி ஏறுற நேரம் ஒரு நாளைக்கு ரெண்டு நாழிகை தள்ளும். எங்களுக்கு அதான் கடியாரம்."

இரண்டு நாழிகை என்றால் நாற்பத்தெட்டு நிமிடம். தண்ணீர் ஏறினால் என்ன நடக்கும் என்று தருமலிங்கம் கேட்டார். கடலுக்குப் போன படகெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் உள்ளே வரும் என்றான் முனியன். படகு வந்தால்? மீனுக்கு ஐஸ் போடுவார்கள். ஐஸ்? இந்தச் சுவருக்குப் பின்னால்தான் அப்துல் ரவூபின் ஐஸ் கொட்டகை. பாளத்தை உடைக்க மிஷின் இருக்கிறது.

வீரராகவன் குறுக்கிட்டார். கொட்டகைக்குத் தனி லைன், தனி மீட்டர் என்றார். கேட்காமலே சொன்னார்.

2.10. தருமலிங்கம் ஓர் அறுபது வாட் பல்பைக் கம்ப்யூட்டர் பிளக்கிலேயே சேர்த்து எரியவிட்டார். சுராயாவை வழக்கம்போலத் தட்டச் சொன்னார். 2.20-க்குக் கரையில் படகுகளின் கூச்சல் கேட்டது. 2.26-க்குச் சுவருக்கு அப்பால் மோட்டார் முக்கித் தொடங்கியது. பல்பு சிவந்து கம்பியாய் ஒடுங்கியது. திரை அணைந்தது. பல்பு பழையபடி பிரகாசித்தபோது இயந்திரம் தேதி கேட்டுக்கொண்டிருந்தது.

தருமலிங்கம் வலிக்கும் காலோடு கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனார். ஓட்டுச் சரிவுக்குக் கீழே ஒரு கறுப்பு ஒயர். ஒரு முனை ஐஸ் கொட்டகைக்குள் போனது. மறுமுனை சுவரில் புதிதாய்க் குடைந்த ஓட்டை வழியே வீரராகவன் அறைக்குள் நுழைந்தது.

2.50. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இந்தப் பொண்ணு மேல தப்பில்ல. மெஷின் மேலயும் தப்பில்ல. தப்பு உங்க அலமாரிக்குள்ள இருக்கு சார்."

மோட்டார் கிளம்பும் கணத்தில் மட்டும் மின்சாரத்தை மொத்தமாய் இழுத்துவிடுகிறது. மற்ற நேரத்தில் மீட்டர் வைத்தால் சரியாகத்தான் காட்டும். விசிறியும் விளக்கும் போடாத அறையில் மின்சாரம் தாழ்வதை யாரும் பார்க்க வழியில்லை. சுராயா விடுப்பில் இருந்த நாட்களில் ஏற்றம் ஆபீஸ் திறப்பதற்கு முன்பும் மூடிய பிறகும்தான் வந்தது. அதனால்தான் வீரராகவன் கையில் இயந்திரம் ஒழுங்காய் இருந்தது. இதையெல்லாம் தருமலிங்கம் சலிப்போடு, ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னார்.

"லைன் குடுத்தது நீங்க. அதுகூடப் பெரிசில்ல. இடுப்புல சாவிய வெச்சிக்கிட்டு வீட்ல இருக்குன்னீங்களே, அது பெரிசு. காரணம் தெரியாதவன் எதுக்குப் பொய் சொல்லணும்? எப்பலேர்ந்து தெரியும்?"

வீரராகவன் மேசையைப் பார்த்தார்.

"ஜூன்லேர்ந்து."

மே மாதம் கொட்டகை லைன் எரிந்துபோனது. நாற்பது படகு எறா அழுகிக்கொண்டிருந்தது. இரண்டு நாளைக்கு என்று ரவூப் கேட்டார், இவர் லைன் கொடுத்தார். இரண்டு நாள் இரண்டு மாதமானது. விஷயம் வெளியே வந்தால் வேலை போகும். ஓய்வு பெற ஒன்றரை வருடம்தான் பாக்கி. கம்ப்யூட்டரின் பவர் சப்ளை பழுது என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடுங்கள், ஒயரை இன்றே அவிழ்த்துவிடுகிறேன், யாருக்கும் பாதகமில்லை என்று கெஞ்சினார்.

அப்படிப்பட்ட வரிகளைத் தருமலிங்கம் நிறைய எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு பஸ் ஏறலாம். வாசற்படியைப் பார்த்தார். முனியன் எழுந்து நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். திட்டவில்லை.

"எம் பொண்டாட்டி மறுபடியும் ரத்தமா துப்புறா சார்," என்றான் வீரராகவனிடம். "பேர் இல்ல, பேர் இல்லன்னு அனுப்பினீங்களே."

தருமலிங்கம் அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை வீரராகவன் பக்கம் தள்ளினார். விடுபட்டவர்களுக்கு உடனே மருந்து அனுப்பச் சொல்லி அவர் கையாலேயே எழுதித் தரும்படியும், அதை நாலரை பஸ்ஸில் தாமே சென்னைக்குக் கொண்டுபோவதாகவும் சொன்னார்.

வீரராகவன் பேனாவைத் திறந்தார். பெயர்கள் தெரியவில்லை. சுராயாவை நிமிர்ந்து பார்த்தார்.

அவள் அட்டைகளைத் தேடவில்லை. பெயர், வயது, ஊர் என்று மனப்பாடமாய்ச் சொன்னாள். காசியம்மாள், முப்பத்தொன்று. ராபியா, பத்தொன்பது. பெருமாள், அறுபது. அவர் எழுதிக்கொண்டே வந்தார்.

"குப்பம்மாள், நாப்பத்திரெண்டு, சுண்ணாம்புக்குளம்," என்றாள். "பக்கத்துல, போன சனிக்கிழமை இறந்துட்டாங்கன்னு போடுங்க."

பேனா நின்றது. இறந்தவருக்கு மருந்து வேண்டாமே, பெயரை விட்டுவிடலாமா என்று அவர் தயங்கிக் கேட்டார்.

"மருந்து இருந்தா பொழைச்சிருப்பாங்களான்னு எனக்குத் தெரியாது சார். பேர் இருக்கணும். எழுதுங்க."

அவர் எழுதினார். எழுத்து கோணிற்று. அவள் அடுத்த பெயரைச் சொன்னாள்.