வெட்டிய வரி

அவனுக்குக் கத்தரி என்று பட்டப்பெயர் வந்தது சும்மா இல்லை. பணத்தைத் தானாகவே கைமாற்றும் நிரலான ஸ்மார்ட் கான்ட்ராக்டில் ஒரு வரி குறைந்தாலும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கட்டணம் இறங்கும். வரியை வெட்டுவதில் அவன் பலே கில்லாடி.

அன்று காலை அவன் அலுவலகத்தில் காலியாக இருந்தது ஒரே இருக்கைதான். அக்காவுடையது. அலுவலகமே அக்கா என்று கூப்பிட்ட மூத்த நிரலாளர் அவள். 'பணத்தைக் கேட்பவர் யார், அனுமதி உண்டா' என்று பார்க்கும் சோதனை வரியை முன்பு அவள்தான் எழுதினாள். கட்டணம் மிச்சம் என்று அதை வெட்டியவன் கத்தரி. அந்த ஓட்டை வழியாக எவனோ புகுந்து மொத்தப் பணத்தையும் துடைத்துக்கொண்டு போனபோது, வாய் கூசாமல் அக்காவைக் கைகாட்டினான். அவள் தலையில் அடித்துக்கொண்டு மறுத்தும் ஒருவரும் நம்பவில்லை. ஒரு மதியம், அதே நாற்காலியில் அவள் இதயம் நின்றது.

பாவி, அதிலேயே போய் உட்கார்ந்தான்.

சூடான தூசி வாடை அடித்தது. புதிய கான்ட்ராக்டைத் திறந்தான். நடுவில் அக்காவின் அதே வரி.

எதிரே இருந்த சோதனைப் பிரிவுப் பெண்ணிடம், "இதை யாரும்மா போட்டது?" என்றான்.

"எதைண்ணா? என் திரையில அப்படி எதுவும் இல்லையே."

வெட்டினான். கட்டணம் இறங்கியது.

மின்விசிறியின் ஓசையும் நின்றது. விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

வரி திரும்ப வந்தது. வெட்டினான். அந்தப் பெண்ணின் உதடுகள் அசைந்தன, சத்தமே வரவில்லை.

பிடரியில் ஈரமான ஒரு மூச்சு பட்டது. அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அன்னிக்கு அந்த வரியை நான்தான் எடுத்தேன்னு எதிர்ல இருக்கறவகிட்ட சொல்லிடு, தம்பி. விட்டுடறேன்."

ஒரே ஒரு வார்த்தைதான். ஆனால் சொன்னால் வேலை போகும், மானம் போகும். செத்தவளுக்காக நான் ஏன் கெடவேண்டும் என்று பல்லைக் கடித்தான்.

மறுபடியும் வெட்டினான்.

நெஞ்சில் கை வைத்தான். துடிப்பு இல்லை.

"நான்தான்! நான்தான் எடுத்தேன்!" என்று அலறினான். குரல் எழவில்லை.

அந்தப் பெண் அவனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டாள்.

"கத்தரி அண்ணா எங்க போனாரு? இப்பதானே பேசிட்டிருந்தாரு?"

நாற்காலி காலியாக இருந்தது. அவள் எட்டி அவன் திரையைப் பார்த்தாள். சோதனை வரி தன் இடத்தில் இருந்தது. கட்டணம் அப்படியும் குறைந்திருந்தது. கீழே, சற்றுமுன் செய்த மாற்றத்துக்கான குறிப்பு.

'தேவையில்லாத ஒன்று நீக்கப்பட்டது. — அக்கா.'